முதுகுத் தகடு

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் டவுன் பஸ். சாரல் உள்ளே அடித்ததால் ஷட்டர்களை இறக்கி விட்டிருந்தார்கள். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவள் சொன்னது காதில் விழுந்ததும் போனைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

"எம்மவன் முதுகுத் தகட்ட கழத்தி வச்சிட்டுத்தான் மலையேறுவானாம்."

"என்ன தகடு மதினி?"

"பட்டாளத்துல குண்டு துளைக்காத சட்டை குடுக்காங்கல்லா. நெஞ்சுக்கு ஒரு தகடு, முதுகுக்கு ஒரு தகடு. ரெண்டையும் போட்டா கனம் தாங்கலயாம். பாதிப் பயலுவ இப்படித்தான் செய்யுதானுவளாம்."

"டிவியில தெனமும் அந்தச் சட்டைக்குத்தான சண்டை. ஒழுங்கா சுட்டுப் பாத்துத்தான் வாங்குனாங்களான்னு ஒருத்தர் கேக்காரு. இன்னொருத்தரு அவரப் பேசவே விடமாட்டேங்காரு."

"சுட்டுப் பாத்தா மட்டும் போதுமா? போட்டுப் பாக்க வேண்டாமா? இப்பம் புதுசு வாங்குததுக்கு முன்னால, இவனுக்கும் இன்னும் கொஞ்சம் பேருக்கும் குடுத்து மலையேறச் சொல்லிருக்காங்க. தோள்ல இடிக்கு, துப்பாக்கியத் தூக்க முடியலன்னு சொல்லிட்டானாம்."

"அவனா சொன்னான்?" இளையவள் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தாள். "கொழம்புல உப்பில்லன்னாகூட வாயத் திறக்காம திங்கவனாச்சே."

"அவந்தான். அதக் கேட்டு தோள்ப் பக்கத்த வெட்டி, கனத்தையும் கொறச்சு, மறுபடியும் கொண்டாந்து குடுத்திருக்காங்க."

குற்றாலம் வந்துவிட்டது. இருவரும் எழுந்தார்கள்.

"அப்பம் முதுகுத் தகடு?"

"நேத்து போன்ல அதத்தான் மொதல்ல கேட்டேன். கழத்தலம்மா, முதுகுலதான் இருக்குன்னான்."