சாமைப் பானையில் மாத்திரை

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த நாட்கள். கச்சிராயபாளையத்தில் மறியல் என்று வெள்ளிமலை பஸ் ஒரு மணி நேரமாக நின்றது. எனக்கு முன் இருக்கையில் ஒரு நர்சும், மலைக்கிராமத்துப் பெண்மணி ஒருவரும்.

"பிஎச்டிக்குத் தேர்வு, கமிட்டி எல்லாம் தாண்டிட்டேங்க்கா. இனிமே ஆராய்ச்சிய ஆரம்பிக்கலாம்னு சொல்லிட்டாங்க. பிரஷர் மாத்திரை பத்தி நான் வந்து கேட்டப்ப உங்க ஊர்ல பதில் சொன்னீங்களே, அத வச்சுத்தான்."

"நாங்க சொன்னது அத்தினியும் பொய்யிம்மா."

நர்ஸ் வேர்க்கடலை உரிப்பதை நிறுத்தினார்.

"தெனமும் போடறோம்னு சொன்னீங்களே."

"வெயில்ல மலையேறி வந்த. போடலன்னு சொன்னா ஒம் மூஞ்சி வாடிப்பூடும்னு முன்னாடியே பேசி வச்சிக்கினோம்."

"அப்ப மாத்திரைங்க?"

"சாமைப் பானையில பத்திரமா இருக்குது."

"எல்லாரும் எப்படி ஒரே பதில் சொல்றாங்கன்னு கமிட்டியில கேட்டாங்க. மலை ஜனங்க அவ்ளோ ஒழுங்குன்னு அடிச்சு சொன்னேங்க்கா."

"நல்லாத்தான சொல்லிக்கிற."

பஸ் கிளம்பியது. நர்ஸ் மடியிலிருந்த கடலைத் தோலைத் தட்டிவிட்டார்.

"அடுத்த மாசம் மறுபடி வரேன். இந்த வாட்டி உண்மைய மட்டும் சொல்லணும்."

"சொல்லிடறோம்மா. எத்தினி பேரு போடலன்னு சொன்னா ஒனக்குத் தோதுப்படும்?"