இங்க உங்களுக்கு யார் இருக்காங்க?

இல்லம்மா, உன் சித்தி இந்த ஊர்ல இருக்கறத மறைக்காத. ஆபீசர் உள்ள கூப்பிட்டு இங்க யார் இருக்காங்கன்னு கேட்டா, ஆமா இருக்காங்க, வெளியில எனக்காக நிக்கறாங்கன்னு சொல்லிடு. அனுபவத்துல சொல்றேன். போன தடவையே ஏர்போர்ட்ல இறங்கினதும் என்னை இந்த விசாரணை ரூம்ல உக்கார வெச்சுட்டாங்க. அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காரு.

நானா? இதோட நாலு தடவை. எல்லாமே மூணு மாச மொழிப் படிப்பு விசாதான். முடிஞ்சதும் ஊருக்குப் போறது, கொஞ்ச நாள் போனதும் மறுபடி வர்றது. படிப்பு என்ன படிப்பு, உன்கிட்ட எதுக்கு மறைக்கணும். எங்க வீட்டுக்காரருக்கு இங்க ஒரு ஹோட்டல் சமையல்கட்டுல வேலை. அவரோட விசாவுல பொண்டாட்டியக் கூட்டிட்டு வர முடியாது. அதனால அவரே கண்டுபிடிச்ச வழி இது. புருஷன் இங்க இருக்கார்னு மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்லிடாத, திருப்பி அனுப்பிடுவாங்கன்னார். நானும், இங்க உங்களுக்கு யார் இருக்காங்கன்னு கேட்டா, யாருமில்லைங்கன்னு பளிச்சுன்னு சொல்லிடுவேன். வெளியில அவர் தூண் பக்கத்துல நிப்பார். எங்கயாவது கேமரா இருக்குமோன்னு பயந்து, பஸ் ஏறுற வரைக்கும் யாரோ மாதிரி முன்னாடி நடப்பார். நான் பெட்டியத் தள்ளிக்கிட்டே பின்னாடி போவேன்.

சிரிக்கறியே, இன்னும் கேளு. இதுக்கு முன்னாடி மூணு தடவையும் ஒரே வகுப்பு, ஒண்ணாம் நிலை. அதுதான் காலையோட முடியும், மத்தியானம் வந்து சமைச்சு வைக்கலாம். மூணாவது தடவை டீச்சர் வாயத் திறக்கறதுக்குள்ள நான் பதில் சொல்லிடுவேன். புதுசா வந்த பசங்க, அக்காவுக்கு என்ன அறிவுன்னு அசந்துட்டாங்க.

ஆனா அந்த டீச்சர் இருக்காங்களே, தினமும் ஒவ்வொருத்தரையா பேர் சொல்லி, நேத்து எங்க போனீங்க, என்ன சாப்பிட்டீங்க, நல்லாத் தூங்கினீங்களான்னு கேப்பாங்க. பாடம்தான், எல்லாரையும் கேக்கறதுதான். இருந்தாலும் அதுக்காகவே ஒரு நாள்கூட லீவு போட்டதில்ல. எங்க வீட்டுக்காரர் வேலை முடிஞ்சு வந்தா போனைப் பாத்துக்கிட்டே சாப்பிடுவார், சுவர் பக்கம் திரும்பிப் படுத்துடுவார். ரூம்ல ஒரே ஒரு ஜன்னல். அதுவும் பக்கத்துக் கட்டடத்துச் சுவரப் பாத்து.

இன்னிக்கு இருக்கற ஆபீசர் மரியாதையாத்தான் பேசறார். பாஸ்போர்ட்டப் புரட்டிட்டு, இது படிக்க வர்ற ஆள் மாதிரி இல்லையே, இங்கயே குடியிருக்கற ஆள் மாதிரியில்ல இருக்குன்னார். இந்தத் தடவை ரெண்டாம் நிலைங்க, நெஜமாவே படிக்கத்தான் வந்திருக்கேன்னு அவங்க பாஷையிலயே சொன்னேன். அதுவே வம்பாப் போச்சு. இவ்வளவு நல்லாப் பேசறீங்களே, இங்க யார்கூட இருந்தீங்கன்னு பிடிச்சுக்கிட்டார். மேலதிகாரியக் கேட்டு வரேன்னு போனவர்தான். அடுத்த விமானத்துல ஏத்திடுவாங்களோ என்னவோ. அப்படித் திருப்பி அனுப்பிட்டா அப்புறம் எங்க விசா கேட்டாலும் அதையே காட்டி இல்லேம்பாங்களாம்.

அதோ, உன்னைத்தான் கூப்பிடறாங்க. பையை இங்கயே வை, நான் பாத்துக்கறேன்.

என்னைக் கூட்டிட்டுப் போகவா? அவர் வர மாட்டார்மா. போன தடவை நான் ஊருக்குக் கிளம்பறப்பவே சொல்லிட்டார், இனிமே வராத, எனக்கு இங்க வேற துணை இருக்குன்னு. அன்னிக்கு ஏர்போர்ட்டுக்கே வரல. ஒண்டியாத்தான் வந்து விமானம் ஏறினேன். இந்தத் தடவை அவருக்காக வரல, அந்த வகுப்புக்காகத்தான் வந்தேன்.

முன்னாடியெல்லாம் யாருமில்லைன்னு பொய் சொன்னேன், நம்பினாங்க. இன்னிக்கு உண்மையாவே சொன்னேனா, சொல்லி முடிக்கறதுக்குள்ள குரல் ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஆபீசர் உடனே நிமிந்து பாத்தார். எதையோ மறைக்கறேன்னு நெனச்சுட்டார் போல.

நீ போ, மறுபடி கூப்பிடறாங்க பாரு. வெளியில போனதும் சித்தி கையப் பிடிச்சுக்கோ. ரெண்டு பேரும் சேந்தே நடங்க.