யசோதினிக்கு வராத சான்றிதழ்

— காது தெரியல்லையாம். கேட்டியா யசோதினி, போட்டோவில உன்ட காது தெரியல்லையாம். இதக் கேக்கத்தான் நான் இறால் உரிக்கிற வாடியப் பூட்டிப்போட்டு பெரியகல்லாத்தில இருந்து பஸ் ஏறி இந்தக் கவர்மெண்டுக் கந்தோருக்கு வந்தநான்.

— ரெண்டு காதும் தெரியோணும் மேர்லின் பிள்ளை. சுற்றறிக்கையில கிடக்கு.

— போன தரம் நீலப் பேனையால எழுதச் சொன்னீங்க. அதுக்கு முதல் கிராம விதானைட முத்திரை மங்கல் எண்டீங்க. வினாயகமூர்த்தி ஐயா, உண்மையச் சொல்லுங்க, இதெல்லாம் வீட்ட இருந்து யோசிச்சுக்கொண்டு வாறீங்களா, இல்ல இந்தக் கதிரையில குந்தினாப் புறகு தானா வருமா?

— குந்தினாப் புறகு வரும். மறுகா? ஏசி முடிஞ்சா அங்கால தள்ளுங்க, மத்த ஆக்களும் வருவாங்க.

— ஒருத்தரும் வரமாட்டாங்க. உங்களிட்ட நடந்து நடந்து களைச்சு எல்லாரும் விட்டுப்போட்டாங்க. நான் ஒருத்திதான் மானம் ரோசம் இல்லாமக் கிறுகிக் கிறுகி வாறன்.

— உங்களுக்கு வரிச் சலுகை வேணும், வாறீங்க. இதில மானம் எங்க இருந்து வந்தது?

— ஓம், வேணும். நானா கேட்டன்? கவர்மெண்டுதானே சொன்னது. சுனாமியில, சண்டையில எல்லாத்தையும் இழந்த ஆக்கள வேலைக்கு எடுங்க, சான்றிதழ் தாறம், வரியில கழிப்பம் எண்டு. பந்தல் போட்டு, மைக் கட்டி, வடையும் தந்து சொன்னாங்க. நம்பி இவள எடுத்தன். அம்மா, அப்பா, தம்பி எண்டு ஒருத்தர் மிச்சமில்லாமக் கடல் கொண்டுபோன பிள்ளை. அதுக்கும் ஆதாரம் கேட்டீங்க. கடலிட்டப் போய்க் கையெழுத்து வாங்கிற்று வரவா?

— சண்டை முடிஞ்சு ரெண்டு வருசத்துக்குள்ள முதலாளிமாருக்கெல்லாம் இரக்கம் பொங்கி வழியுது. வரி குறையும் எண்ட உடனதான் ஊருக்குள்ள ஏழைகள் இருக்கிறதே உங்கட கண்ணில பட்டது.

— சம்பளம் குடுக்கிறது நான். நீங்க இல்ல. இனி அதுவும் ஏலாது. கணக்குப் பாக்கிறவர் சொல்லிப்போட்டார், இந்த மாசம் சான்றிதழ் கிடைக்காட்டி இவள நிப்பாட்டத்தான் வேணுமாம். ஐஸ் விலை ஏறிற்று, ஆத்தில இறாலும் இல்ல. உங்கட சோம்பலால இந்தப் பிள்ளைட சோத்தில மண் விழப்போகுது. விளங்குதா?

— அக்கா, போவம். இன்னொரு நாளைக்கு வருவம்.

— நீ சும்மா இரு கா. இப்பிடிப் பயந்து பயந்துதான் இவங்க நம்மட தலையில ஏறிக் குந்திற்றாங்க. ஒரு பை இறால் கொண்டந்து வச்சன், அதையும் திருப்பித் தந்த மனிசன் இவர். லஞ்சம் வாங்கிறவன் எண்டாலும் வேலை நடக்கும். இது எந்தச் சாதி எண்டே விளங்கல்ல.

— எனக்கு இறால் ஒத்துக்கொள்ளாது.

— ஒத்துக்கொள்ளாட்டிக் கிடக்கட்டும். அந்தா, டீக் கோப்பைக்குக் கீழ கிடக்கிறதுதானே எங்கட பைல்? என்ட பேர் இஞ்ச இருந்தே தெரியுது. அத மேல அனுப்பினா என்ன நடக்கும்? உங்கட கை கழண்டு விழுமா?

— மேல் மாடியில இருக்கிற பெரிய சேர் பிள்ளையக் கூப்பிட்டு விசாரிப்பார். சுனாமிக்குப் புறகு முகாமில எவ்வளவு காலம், மறுகா எங்க, ஆரோட எண்டு வருசம் வருசமாச் சொல்லோணும். அவர் சரி எண்டா மூண்டு கொப்பி அடிப்பம். ஒண்டு உங்களுக்கு. ஒண்டு வரிக் கந்தோருக்கு. ஒண்டு ஆமிக்கு.

— இறால் உரிக்கிற பிள்ளைட பேர் ஆமிக்கு என்னத்துக்கு?

— அவங்களிட்டக் கேளுங்க.

— அனுப்பினாத்தான் என்ன? இவளுக்கு ஒளிக்க என்ன கிடக்கு? கல்லடி முகாமில இருந்து கொழும்புப் பக்கம் வத்தளைக்குப் போய்ச் சித்தியோட இருந்தவள். சண்டை முடிஞ்சாப் புறகு ஊருக்கு வந்தவள். டீ ஆற முதல் சொல்லி முடிக்கிற கதை. எழும்பு யசோதினி, நாமளே மேல போய்ச் சேரிட்டச் சொல்லுவம்.

— சேர் இல்ல.

— அவர்ர வாகனம் முத்தத்தில நிக்குது.

— வாகனம் நிக்கும். சேர் இல்ல.

— யேசுவே. இவ்வளவு பச்சையாப் பொய் சொல்றதுக்கு மாசாமாசம் சம்பளம் வேற.

— மேர்லின் பிள்ளை, என்ன எவ்வளவும் ஏசுங்க. கொழும்புக்குப் பெட்டிசம் எழுதுங்க, முத்திரை நான் ஒட்டித் தாறன். மேல மட்டும் போகாதீங்க.

— ஆ, இப்பதான் தொடை நடுங்குது. கதிரை போயிரும் எண்ட பயம். எழும்பன்கா யசோதினி, என்ன பாத்துக்கொண்டு இருக்காய்?

— நான் வரல்ல அக்கா.

— என்ன?

— எங்கட பைல மேல அனுப்பாம அடியில போட்டு வைக்கச் சொன்னது நான்தான். நீங்க முதல்தரம் குடுத்திற்றுப் போன அடுத்த நாளே வந்து இவர்ர காலப் புடிச்சுக் கேட்டன்.

— உனக்கு விசரா? இதால உன்ட வேலைதானே போகப்போகுது.

— தெரியும். போனாப் போகட்டும். வத்தளையில எனக்குச் சித்தி எண்டு ஒருத்தரும் இல்ல அக்கா.

— அப்ப அவ்வளவு காலமும் எங்க இருந்தநீ?

— காணும், விடுங்க மேர்லின் பிள்ளை. இதுக்கு மேல கேக்காதீங்க. தெரிஞ்சா உங்களுக்கும் பாரம்.

— நீங்க வாய மூடுங்க. பிள்ளை குட்டி வளத்த மனிசன் மாதிரியா கதைக்கிறீங்க? பேப்பரையும் முத்திரையையும் விட்டா உங்களுக்கு என்ன தெரியும்?

— அவருக்குத் தெரியும் அக்கா. இயக்கம் சண்டைக்கு ஆள் புடிக்க முகாமுக்குள்ள வந்து என்னையும் இவர்ர மகளையும் ஒரே வாகனத்திலதான் ஏத்தினது. திரும்பி வந்தது நான் மட்டும்தான்.