சுற்றுவழி மைல்கள்

— கருமாதி முடிஞ்சி பத்து நாளு கூட ஆவல, அண்ணி. இத்த இப்பவே படிக்கணுமா?

— படி, தாண்டவராயா. உங்க அண்ணன் பேருக்கு ப்ளேன்காரன் இன்னா எழுதிகீறான்னு எனக்குத் தெரியணும்.

— இன்னா எழுதுவான்? வேதகிரி அண்ணன் சேத்த மைலு கணக்குதான். சிங்கப்பூர்லேருந்து மெட்ராசுக்கு நேரா வந்தா நாலு மணி நேரம். இவரு பாங்காக் போயி, கொழும்பு போயி, நாள்பூரா சுத்திக்கினு வருவாரு. டிக்கெட்டு சல்லிசு, மைலும் ஜாஸ்தின்னு.

— எல்லாம் எனக்கோசரம் தம்பி. மைலு சேந்தா ஓசி டிக்கெட்டு தருவான், உன்னயும் இட்டுகினு போறேன்னு சொல்லிக்கினே இருந்தாரு. கடைசில அவரே பொட்டில வந்து எறங்குனாரு.

— அழுவாதீங்க அண்ணி.

— அந்தப் பொட்டியும் அதே சுத்து வழிலதான வந்திச்சி? சல்லிசுன்னு அவரு வேல செஞ்ச கம்பெனில மூணு ப்ளேன் மாத்தி அனுப்புனாங்க. சூட்கேசுங்க நடுவுல, இருட்டுல, ஒத்தையா வந்தாரேன்னு நெனச்சா எனக்கு சோறு எறங்கல. அது ஒண்ணுதான் என்ன அறுக்குது.

— இருங்க அண்ணி. இது இன்னா இது? ஆகஸ்ட் பதினேழுன்னு போட்டுகீறான்.

— பொட்டி வந்த நாளு.

— அன்னிக்கி மூணு ப்ளேனுக்கும் அண்ணனுக்கு மைலு ஏத்திகீறான். சீட்டு நம்பரோட.

— பொட்டிக்குக் கூடவா மைலு தருவான்?

— தரமாட்டான். ஆளு ஏறி சீட்டுல குந்துனாதான் மைலு.

— அப்ப பொட்டில இருந்தது வேற ஆளா? பெரியவங்க தெறக்கக் கூடாதுன்னாங்களே, மூடி மேலயே வாய்க்கரிசி போட்டோமே! அவரு உசுரோட கீறாரா தம்பி?

— வேணாம் அண்ணி. ஏர்போர்ட்ல தெறந்து காட்டித்தான் எங்கிட்ட கையெழுத்து வாங்குனாங்க. நான் மூஞ்சப் பாத்தேன். அண்ணன்தான்.

— ஆங். அப்ப அடுத்த பக்கத்தப் படி.

— இது உங்க பேர்ல கீது. மலர்க்கொடி வேதகிரின்னு. உங்களயும் மெம்பரா சேத்து வெச்சிகீறாரு.

— நானா? வாலாஜாபாத் தாண்டி எங்க போயிகீறேன் நானு?

— உங்களுக்கும் அதே நாளு, அதே மூணு ப்ளேன். அண்ணனுக்குப் பக்கத்து சீட்டு. ஜன்னலோரம். சே, கம்ப்யூட்டரு பண்ற பேஜாரு! நாளைக்கே தப்புன்னு எழுதிப் போடறேன்.

— எழுதாத தம்பி.

— ஏன் அண்ணி? அன்னிக்கி பூரா நீங்க இதோ, திருப்புலிவனத்துல, நம்ம வூட்லதான கெடந்தீங்க?

— மூணு தபா மயக்கம் போட்டு உயுந்தேன் இல்ல? மூணு தபாவும் அவரு பக்கத்துலதான் குந்திக்கினு இருந்தேன். கனவுன்னு நெனச்சி ஒர்த்தர்கிட்டயும் சொல்லல. நான் புடிச்சிக்கினு இருந்த கை மட்டும் ஐஸு மாறி சில்லுனு இருந்திச்சி.