சாம்பல் கட்டம்

— கம்ப்யூட்டர்ல அந்த சாம்பல் கட்டத்த மட்டும் ஏன் பொண்ணே தாண்டித் தாண்டிப் போற?

— தாண்டலக்கா. அது தொறக்கல.

— மத்ததெல்லாம் தொறக்குது. அது மட்டும் தொறக்கல.

— ஆமாக்கா.

— போன வாரமும் இதே பேச்சு. அதுக்கு முந்தியும் இதே பேச்சு. மரக்காணத்துல பஸ் ஏறி, எறங்கி, இந்த இடையஞ்சாவடி செம்மண்ணுல காலத் தேச்சிக்கினு வர்றது, நீ தொறக்கலன்னு சொல்றதக் கேக்கவா?

— நான்தான் வர வேணாம், ரெடியானதும் சொல்லி அனுப்புறேன்னு சொன்னேனே.

— சொல்லி அனுப்புறவங்கள எல்லாம் இந்த ஒரு வருஷத்துல நல்லாப் பாத்துட்டேன். உப்பளத்துப் பொண்ணு, நம்ம பக்கத்துப் பொண்ணுன்னு உன்ன நம்பி வந்தேன் வினோதினி. நீயும் கம்ப்யூட்டரக் காட்டி ஏய்க்கிற.

— ஏய்ச்சு எனக்கு என்னக்கா வரப்போகுது? அன்னிக்குத் தண்ணி எங்க உப்பளத்துக்கும்தான் வந்துச்சு. பாத்தி எல்லாம் சேறு. எங்க அம்மா மூணு மாசம் வேலை இல்லாம உக்காந்திருந்தாங்க.

— உங்களுக்குப் பாத்தி போச்சு.

— ... தப்புதான்க்கா. அத ஒப்பிட்டுச் சொல்லியிருக்கக் கூடாது.

— சரி, வுடு. யாரு பூட்டி வெச்சது அந்தக் கட்டத்த?

— யாரும் பூட்டல. சுனாமிக்கு உதவி பண்ண வந்த வெளிநாட்டு டாக்டர் ஒருத்தர் எடுத்த படங்க அது. உங்க குப்பத்துக்குப் பின்னாடி சவுக்குத் தோப்புல, பொதைக்கப் பள்ளம் தோண்டினாங்களே, அங்க நின்னு எடுத்திருக்காரு. சிடியக் குடுத்துட்டு ஊருக்குப் போயிட்டாரு. அவரோடது பெரிய கேமரா. படத்த அது வேற மாதிரி எழுதி வெக்கும். படம் பாக்க நாங்க இங்க எழுதுற புரோகிராமுக்கு அதப் படிக்கத் தெரியல.

— படிக்கத் தெரியாத புரோகிராம எதுக்குப் பண்றீங்க?

— சாதாரணப் படம் எல்லாம் அதுக்குத் தெரியும். ஆக்சுவலா, இதுக்கு அடியில ஒரு டூல்கிட் இருக்கு. ஜன்னல், பட்டன், படம், எல்லாத்தையும் ஸ்கிரீன்ல வரைஞ்சு காட்டுறது அதுதான். ஒரு படம் வந்ததும், உள்ள இருக்குற ஆளுங்கள வரிசையாக் கேக்கும், இது உன்னுதா, உன்னுதான்னு. ஒவ்வொருத்தரும் முதல் நாலு எழுத்தப் பாத்துட்டுச் சொல்லுவாங்க. ஒருத்தரும் என்னுதுன்னு சொல்லலன்னா சாம்பல் கட்டம்.

— பள்ளத்தாண்ட எங்க ஜனங்கள அப்படித்தான் கேட்டாங்களாம். பொணத்த வரிசையாப் போட்டு, உன்னுதா, உன்னுதான்னு.

— அக்கா...

— நான் அழல. மேல சொல்லு.

— இப்போ புதுசா ஒரு ஆளச் சேக்குறேன். இந்தக் கேமரா எழுத்தப் படிக்கத் தெரிஞ்ச ஆள். கேமரா கம்பெனிக்காரன் எப்படி எழுதுறான்னு வெளிய சொல்ல மாட்டான்.

— மாட்டுச் சந்தையில துண்டுக்கடியில வெரலப் புடிச்சி வெல பேசுவாங்களே, அது மாதிரியா?

— அதேதான். துண்டுக்கு மேல பாத்தே எந்த வெரலுன்னு நாங்க கண்டுபுடிக்கணும்.

— அப்போ துண்டு போட்டது கம்பெனிக்காரன். நீ இல்ல.

— நான் இல்லக்கா.

— சரி. நான் கேக்குறது ஒண்ணுதான். எங்க மூத்தாரு இங்க வந்தாரா?

— யாரு?

— என் வீட்டுக்காரரோட அண்ணன். அரசப்பன்னு பேரு. காதுல முடியோட, நாயத்துக்குச் சொல்றேன் நாயத்துக்குச் சொல்றேன்னு பேசுவாரு.

— ... வந்தாரு.

— பாத்தியா. நான் கேட்டாதான் வாயத் தொறக்குற.

— அவரு சொல்ல வேணாம்னாரு. பழைய பொணத்தக் கிளறி இன்னா ஆவப்போவுது, பேசாம வேற வேலை பாரு, அது பாவம், பொட்டச்சி, மனசு ஒடைஞ்சிடும்னாரு. உங்க நல்லதுக்குன்னு நெனச்சேன்.

— என் நல்லதுக்கு இந்த ஊர்ல எத்தினி பேரு பாரு. கேளு பொண்ணே. அன்னிக்கு நான் கோட்டக்குப்பத்துல மீன் கூடையோட தெருத்தெருவா நின்னேன். பாப்பா அவங்கப்பாகூட கரையில இருந்தா. தீவாளிக்கு எடுத்த செவப்பு கவுனப் போட்டு வுட்டுட்டுப் போனேன். நான் திரும்பி வர்றதுக்கு ரெண்டு நாள் ஆச்சு, குப்பத்துக்குள்ள யாரையும் வுடல. வந்தா, தம்பியப் பள்ளத்துல போட்டு நான்தான் மூடுனேன்னாரு மூத்தாரு. பாப்பா கெடைக்கவே இல்ல, கடலு எடுத்துக்கிச்சின்னாரு. ரெண்டையும் ஒரே வாயால சொன்னாரு, என் மொகத்தப் பாக்காம சொன்னாரு.

— உங்க வீட்டுக்காரர் பேரு கன்னியப்பன்தானே? எழுதி வெச்சிருக்கேன். அவரு ஒடம்பப் பாத்தவங்க வேற யாராவது...

— ஒருத்தரும் பாக்கல. மூத்தாரு ஒருத்தரு மட்டும்தான். அதோ, கேட்டுல மொபெட்ட நிறுத்துறாரு பாரு.

— ஏம்மா கமலா, எழுந்து வா. பஸ்ஸுக்கு நேரமாச்சு.

— நீங்க எங்க மாமா இங்க?

— இரும்பை கோயிலுக்கு வந்தேன். அப்படியே எட்டிப் பாத்தேன்.

— நெத்தியில விபூதியக் காணோம்.

— வேர்த்துப் போச்சு.

— கையில இன்னா பை? நான் காலையில வறுத்துக் குடுத்த சென்னாக்கூனியா? ஈஸ்வரன் கோயிலுக்கு எறாப் பொட்டலத்தோடவா போனீங்க?

— வண்டியில மாட்டி வெச்சிருந்தேன். இன்னாம்மா இது, போலீசு மாதிரி கேக்குற.

— இல்ல, கேக்குறேன். எறாத் தூள் காத்துப் பட்டாலே உங்களுக்கு ஒடம்பு தடிச்சிக்கும். மாசாமாசம் யாருக்கு வாங்குறீங்க? காரம் போடாம வறுத்துக் குடுன்னு வேற.

— தெரிஞ்சவன் ஒருத்தன் கேக்குறான். இப்போ அது எதுக்கு? இந்தாம்மா, உப்பளத்துப் பொண்ணு, உன்கிட்ட நான் சொல்லிட்டுத்தானே போனேன்?

— சொன்னீங்கண்ணே. ஆனா அக்கா கேக்குறாங்க. இன்னிக்கு ஒரே ஒரு படம் தொறந்து பாக்கலாம்னு இருக்கேன். வருதோ வராதோ தெரியாது.

— வராதுன்னா வுட்டுத் தொலையேன்.

— உக்காருங்க மாமா. கோயிலுக்குப் போயிட்டு வந்தவரு, களைப்பா இருக்கும்.

— இருங்க, ஓட வெக்கிறேன். மேலேர்ந்து வரி வரியா வரும். மிஷின் பழசு.

— சாம்பல் போவுது பொண்ணே.

— ஆமாக்கா. என்னுதுன்னு சொல்லிடுச்சு. இதுக்கு முன்னாடி இவ்ளோ தூரம் வந்ததே இல்ல.

— பச்சையா இருக்குது. எலை. அப்பால மண்ணு... மனுஷன். மனுஷன் படுத்துக்கினு இருக்குறான்.

— அக்கா, கஷ்டமா இருந்தா திரும்பிக்கங்க.

— மொகம் நீலம் பாஞ்சிருக்குது. ... அவருதான். புருவத்துல பாரு, தூண்டிமுள்ளு கிழிச்ச தழும்பு.

— பாத்துட்ட இல்ல? பாத்துட்டியா கமலா? நாயத்துக்குச் சொல்றேன், நான் பொய் சொல்லல. உன் கண்ணால பாத்துட்ட. இனிமே ஒருத்தரும் என்ன ஒரு பார்வ பாக்கக் கூடாது.

— கண்ணு மூடியிருக்குது. மாரு மேல இன்னா அது, நீலமா, மூட்டையா?

— துணி. பள்ளத்துல எறக்கறதுக்கு முன்ன நான்தான் போத்துனேன். தம்பி ஆச்சே, சும்மா எப்படிப் போடுறது? போதும்மா, மூடு. பாவம் அவன். வருஷத் தெவசத்த இனிமே ஒழுங்காப் பண்ணலாம்.

— மூடவாக்கா?

— இரு. ... நான் நெனச்சது வேற. எனக்கு ஒண்ணும் புரியல. இரு கொஞ்சம்.

— இன்னா புரியணும் இதுல? செத்த மனுஷன்.

— மரம் ஏன் பொண்ணே படுத்துக்கினு இருக்குது?

— எந்த மரம்?

— அவருக்குப் பின்னால. சவுக்கு. எல்லாம் அவரோட சேந்து படுத்திருக்குது.

— தண்ணி சாய்ச்சிது.

— தோப்பு சாயல மாமா. அது வழியாத்தான் தெனம் கூடையத் தூக்கிக்கினு போறேன்.

— அக்கா சொல்றது சரிதான். மரம் படுக்கலண்ணே, படம் படுத்திருக்கு. கேமராவ நிமித்திப் புடிச்சு எடுத்தா, திருப்பிக் காட்டுன்னு படத்துக்குள்ளயே ஒரு குறிப்பு இருக்கும். அத நான் இன்னும் படிக்க வெக்கல. கலரும் கோளாறு. வானத்தப் பாருங்க, காவியா இருக்கு. சிவப்பையும் நீலத்தையும் மாத்திப் போட்டிருக்கேன்.

— மாத்திப் போட்டா?

— சிவப்பு இருக்க வேண்டிய எடத்துல நீலம் காட்டும். நம்ம தோலு நீலமாத் தெரியும். வானம் காவியாத் தெரியும். பச்சை மட்டும் பச்சையாவே இருக்கும்.

— அப்போ மொகத்துல பாஞ்ச நீலம்...

— என் தப்புக்கா. அவரோடது இல்ல.

— அந்த நீல மூட்டை?

— அது... சிவப்பா இருக்கும்.

— மிசின நிறுத்தும்மா. நாயத்துக்குச் சொல்றேன், இது வேணாம்.

— ஏண்ணே?

— வேணாம்னா வேணாம். கமலா, வா போலாம்.

— மாத்து பொண்ணே.

— ரெண்டே எடத்துலதான் மாத்தணும்க்கா. ஆனா மறுபடியும் கம்பைல் பண்ணணும். கொஞ்ச நேரம் ஆகும்.

— ஒரு வருஷம் உக்காந்திருந்தேன். மாத்து.

— அண்ணே, தப்பா நெனைக்காதீங்க, ஒண்ணு கேக்குறேன். அந்த ஒடம்புலேர்ந்து எதையாவது எடுத்தீங்களா? செயின், மோதரம்? அதுக்குத்தான் பயப்படுறீங்களா?

— சீ. வாயக் கழுவு. எங்க குப்பத்துல எவனும் பொணத்துமேல கை வெக்க மாட்டான். என்ன இன்னான்னு நெனச்ச?

— பின்ன எதுக்கு ரெண்டு தடவ இங்க வந்தீங்க?

— அவள மறுபடியும் நோகடிக்கக் கூடாதுன்னு வந்தேன். பொழைச்சிக் கெடக்குறா, அப்படியே பொழைச்சிக் கெடக்கட்டும்னு வந்தேன். உனக்கு இன்னா தெரியும்.

— மாமா, மூடுன துணி எந்தக் கலரு?

— இன்னா?

— போத்துனேன்னு சொன்னீங்களே. எந்தக் கலரு?

— ஒரு வருஷம் ஆச்சு. எனக்கு எங்க ஞாபகம் இருக்குது.

— ரெடிக்கா. தொறக்குறேன்.

— தொற.

— அக்கா... அக்கா, இவரு நிக்கிறாரு. ஒடம்பெல்லாம் சேறு. கண்ணு மூடல, கீழ பாத்துட்டு இருக்காரு. இவரு உயிரோட நிக்கிறாருக்கா.

— அவர வுடு. கையில இன்னா இருக்குது பாரு.

— கையில...

— செவப்பு கவுனு.

— ஆமாக்கா.

— தலைய மட்டும் பெருசாக் காட்டு பொண்ணே. ... நான் கட்டுன ரிப்பன். ஒரு பக்கம் அவுந்திருக்குது. எப்பவும் அந்தப் பக்கம்தான் அவுத்துக்குவா. முன்னயே தெரிஞ்சிருந்தா ஒரு கை மண்ணு போட்டிருப்பேன். எங்க போடுறதுன்னு தெரியாம கடலப் பாத்துக் கும்புட்டுக்கினு இருந்தேன். தோப்புலயா கெடக்குறா? நான் தெனம் நடக்குற தோப்புலயா?

— கமலா, நாயத்துக்குச் சொல்றேன்...

— நாயம் வேணாம். நடந்தது சொல்லுங்க.

— தண்ணியில பாப்பா கை நழுவிட்டதுன்னான் தம்பி. ராத்திரி முச்சூடும் தேடி, மறுநாள் தோப்புல முள்ளுக்கடியில அவனேதான் எடுத்தான். அந்தப் பெரிய பள்ளத்துல போட வுடல. தனியா, ரெட்ட சவுக்கு இருக்குதே, அங்க அவனே தோண்டி அவனே மூடுனான். அப்பால என் கால்ல வுழுந்தான். கை வுட்டவன் அவ மொகத்துல எப்படி முழிப்பேன், நான் செத்துட்டேன்னு சொல்லிடுன்னான். பாப்பா கெடைச்சுதுன்னு சொன்னா யாரு எடுத்தான்னு நீ கேப்ப. அதனால அதையும் சொல்லல. எனக்கு ஒரே தம்பி. நான் இன்னா பண்றது?

— அண்ணே, ஒரு அம்மாகிட்ட இதப் போய் மறைப்பீங்களா?

— நீ அவரத் திட்டாத பொண்ணே. ஒரு காயிதத்துல இந்தப் படத்தப் போட்டுக் குடு.

— பிரிண்ட்டாக்கா? போடுறேன். வீட்டுல வெச்சுக்கவா?

— எனக்கு எதுக்கு, நான் பாத்துட்டேன். மாமா, அந்தப் பையத் தொறங்க. எறாவோட சேத்து இதையும் எடுத்துக்கினு போங்க.

— கமலா...

— காரம் போடாத சென்னாக்கூனி திங்கிற மனுஷன் இந்தக் கடக்கரையில ஒருத்தருதான் மாமா. ஆடி மாசத்துலேர்ந்து அவருக்குன்னு தெரிஞ்சிதான் வறுத்துக் குடுக்குறேன். நான் இங்க தேடி வந்தது பாப்பாவ. கை வுட்டுட்டேன்னு சொல்றாரு இல்ல, அவரு கையப் பாக்கச் சொல்லுங்க.