நீல நாற்காலிக்கு ஒரு புள்ளி

பத்து நிமிடம்தான் என்று சொல்லிவிட்டுக் கையில் மணியோடு தலைமைப் பொறுப்பில் அமர்ந்திருக்கும் போதகர் ராஜா ஐயா அவர்களே! முன்வரிசையை அலங்கரிக்கும் மூத்தோர்களே! கேஸை அணைத்தோமா என்ற கவலையை முகத்தில் காட்டாமல் வந்திருக்கும் தாய்மார்களே! தேஹு ரோட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து வந்த அண்ணன்மார்களே! சாங்வியிலிருந்து வந்து காரை நிறுத்த இடமின்றி மூன்று சுற்றுச் சுற்றிய என் அணித் தோழர்களே! உள்ளே வரலாமா, வேண்டாமா என்று வாசலுக்கு வெளியே நிற்கும் நண்பர்களே! வாசலில் நிற்கும் உங்களுக்கே என் முதல் வணக்கம். மற்றவர்களுக்கு அடுத்த வணக்கம்.

நான் காவ்யா, சாங்வி அணியின் தலைவி. குடி, குட்கா, மாத்திரை என எதிலாவது மாட்டிக்கொண்டவர்கள் சனிக்கிழமை ஐந்து மணிக்கு வட்டமாய் அமர்ந்து, மனம் திறந்து, மன்றாடி எழும் இடம் நம் சபையின் மீட்புக் குழு. நாற்காலிகள் நாற்பது. வந்துகொண்டிருந்தவர்கள் ஆறே பேர். வெறும் நாற்காலிகளைப் பார்த்து வேதனைப்பட்ட ஐயா ஒரு நட்புப் போட்டி வைத்தார். தேஹு ரோடு அணிக்கு நீல நாற்காலி, எங்கள் சாங்வி அணிக்குச் சிவப்பு. புதிதாக ஒருவரை அழைத்துவந்தால் ஒரு புள்ளி. மூன்று மாதம் முடிந்து, இன்று இரண்டு அணிகளும் ஆறுக்கு ஆறு!

கை தட்டுங்கள், தட்டுங்கள். ஆனால் நான் இறங்குவதற்குள் சுழற்கோப்பை யாருக்கு என்று முடிவாகிவிடும். எப்படி என்று ஐயாவுக்கே தெரியாது. எனக்கு மட்டும் தெரியும். அதைச் சொல்லும் துணிவு எனக்கு வருமா என்பதுதான் தெரியவில்லை.

எங்கள் அணி எப்படிப்பட்ட அணி? கணினி கற்ற அணி! கணக்கிட்டுக் காலடி வைக்கும் அணி! வாட்ஸ்அப்பில் வண்ணப் போஸ்டர், ஆன்லைனில் படிவம், மார்பிலே 'விடுதலை' என்று மின்னும் டி-ஷர்ட்! முதல் சனிக்கிழமையே இருபத்திரண்டு நாற்காலிகளை நிரப்பினோம். ஐயா ஒவ்வொருவரிடமும் கேட்டார், "எதை விடறதுக்கு வந்திருக்கீங்க?"

அமலா அக்கா எழுந்தார். "எதையும் விடலை ஐயா. நான் பாடகர் குழு. ஆள் குறையுதுன்னு காவ்யாதான் இழுத்துட்டு வந்தா."

அடுத்தவர் யார்? பாடகர் குழு. அதற்கடுத்தவர்? அவரும் பாடகர் குழு! இருபத்திரண்டு பேரும் திருவிருந்துத் திராட்சைச் சாற்றைத் தவிர வேறெதையும் தொடாத தூயவர்கள்! சிரியுங்கள், அமலா அக்காவே சிரிக்கிறார்.

அன்றே விதி மாறியது. "எனக்கு உதவி வேண்டும்" என்று வாய் திறந்து சொன்னால்தான் புள்ளி. அதுவும் அவரை அழைத்த அணிக்கே புள்ளி. எங்கள் இருபத்திரண்டு இமைப்பொழுதில் பூஜ்யமானது.

எதிரணித் தலைவர் சுப்பையா அண்ணன் என்ன செய்தார்? ராணுவத் தளவாடக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒன்பது ஆண்டுகளாய்க் குடியைத் தொடாதவர். போஸ்டர் ஒட்டினாரா? இல்லை. புத்திமதி சொன்னாரா? இல்லை. ஒரு நீல நாற்காலியைத் தோளில் தூக்கிப்போய், தேஹு ரோடு ரயில் நிலையத்துக்கு வெளியே, வைன் ஷாப்புக்கு எதிரே உள்ள டீக்கடையில் போட்டார். பக்கத்தில் ஒரு ஸ்டூலில் தான் அமர்ந்தார். அவ்வளவுதான்!

"என்ன சுப்பையா, நாற்காலிக்குக் காவலா?" என்று கேலி பேசினார்களாம்.

"ஆமாலே, ஒனக்குத்தான் போட்டு வச்சிருக்கேன். காலு வலிச்சா வா" என்பாராம்.

ஒருவர் வந்தார். இன்னொருவர் வந்தார். ஆறு பேர் வந்தார்கள். எங்கள் போஸ்டரைப் பார்த்தும் மெல்ல மெல்ல ஆறு பேர் வாய் திறந்தார்கள்.

குழுவின் நாற்காலியை வெளியே கொண்டுபோவது முறையா? பொங்கி எழுந்தேன்! மகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு, தாபோடியில் லோக்கல் ரயில் பிடித்து, டீக்கடை முன் போய் நின்றேன்.

"அண்ணே, இது ரூல்ஸ்படி தப்பு!"

"தப்புதாம்மா. உக்காந்து திட்டுங்க. நின்னுக்கிட்டே சண்ட போட்டா காலு வலிக்கும்லா."

இருந்தது அந்த ஒரு நாற்காலிதான். உட்கார்ந்தேன். டீ வந்தது. அண்ணன் கேட்டார், "இந்த ஊருல ஒங்களுக்கு யாரும்மா இருக்கா?"

என்ன கேள்வி இது! கணவர் இருக்கிறார், ஹிஞ்சேவாடி ஆபீஸில், மீட்டிங்கில். மகள் இருக்கிறாள், தமிழில் கேட்டால் இந்தியில் பதில் சொல்வாள். எதிர்வீட்டு மராத்திக்கார அம்மா இருக்கிறார். லிஃப்டில் எட்டு மாடிக்கு ஒரு புன்னகை. அம்மா கோவையில் இருக்கிறார், கைபேசித் திரையின் அளவில். எல்லோரும் இருக்கிறார்கள் அல்லவா? பின் ஏன் ஒரு பெயர்கூட என் வாயில் வரவில்லை?

"எனக்கு அப்ப பாட்டில்தான் இருந்துச்சு. ஒங்களுக்கு?" என்றார்.

"நேரமாச்சுண்ணே" என்று எழுந்து ஓடிவந்துவிட்டேன்.

அன்று சொல்லாத பதிலை இன்று சொல்கிறேன். எனக்கு இருப்பது கைப்பைக்குள் ஒரு மாத்திரை அட்டை. பிள்ளை பெற்ற புதிதில் தூக்கமின்றித் தவித்தபோது, பதினைந்து நாளைக்கு என்று எழுதித் தந்த மாத்திரை. என் மகளுக்கு இப்போது மூன்றரை வயது. அந்தப் பதினைந்து நாள் இன்னும் முடியவில்லை. முதலில் இரவைக் கடக்க. பிறகு பகலைக் கடக்க. பிறகு, ஒருவரும் அழைக்காத பிற்பகலைக் கடக்க. ஒரே மெடிக்கலில் கேட்டால் சந்தேகம் வரும் என்று சாங்வியில் ஒரு கடை, ஔந்தில் ஒரு கடை. இந்த ஊரில் என் முகம் தெரிந்தவர்கள் அந்தக் கடைக்காரர்கள்தான்.

போட்டி தொடங்கிய இரண்டாம் வாரம். காலையில் 'விடுதலை' போஸ்டரை எல்லோருக்கும் அனுப்பிவிட்டு நான் மாத்திரை போட்டேன். மதியம் வேன் மகளை அபார்ட்மெண்ட் கேட்டில் இறக்கிவிட்டுப் போனது. நான் எழவில்லை. ஒன்றேகால் மணி நேரம் வாட்ச்மேன் கேபினில் கடலை மிட்டாயைக் கடித்துக்கொண்டு என் பிள்ளை இருந்திருக்கிறாள். நான் தள்ளாடி லிஃப்டைவிட்டு வெளியே வந்தபோது வாட்ச்மேனுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள், "மம்மா ஸோ ரஹீ ஹை." அம்மா தூங்குகிறாளாம்! மூன்றரை வயது, எனக்காகப் பரிந்து பேசியது. போன் சைலண்டில் இருந்தது என்று எல்லோரிடமும் பொய் சொன்னேன். ஷ்யாம், என் கணவரான உங்களிடமும்.



இதைச் சட்டென்று நிறுத்தக்கூடாது. மருத்துவரைப் பார்த்து மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும் என்று படித்திருக்கிறேன். பட்டம் பெற்றவள் அல்லவா, எல்லாம் படித்திருக்கிறேன்! தனியாகப் போகத்தான் பயமாக இருக்கிறது. ஆகவே, அவையோரே, என் ஆண்டவரே,

எனக்கு உதவி வேண்டும்.

இந்த உரையில் நான் முதலில் எழுதியது இந்த ஒரு வரியைத்தான். வணக்கங்களை எல்லாம் பிறகுதான் சேர்த்தேன்.

ஐயா, புள்ளியை எழுதிக்கொள்ளுங்கள். தேஹு ரோடு ஏழு, சாங்வி ஆறு!

"அடியே, நீ நம்ம டீமுடி!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கத்துகிறார் அமலா அக்கா. ஆமாம் அக்கா. ஆனால் விதி என்ன? அழைத்த அணிக்கே புள்ளி. நான் இருபத்திரண்டு பேரை வரச் சொன்னேன். என்னை உட்காரச் சொன்னவர் ஒருவர்தான்.

வாசலில் நிற்கும் நண்பர்களே! கூட்டத்துக்கு நடுவே நின்றும் துணையில்லாதவர்களே! பதினைந்து நாளையோ பதினைந்து ஆண்டையோ பைக்குள் ஒளித்து வைத்திருப்பவர்களே! சனிக்கிழமை ஐந்து மணி. போட்டி முடிந்தது, நாற்காலிகள் இருக்கின்றன. நீலமோ சிவப்போ, உட்காருகிறவருக்கே நாற்காலி! அடுத்த வாரம் நான் பயந்துபோய் வராமல் இருந்துவிடுவேனோ என்று எனக்கே சந்தேகம். உங்களில் ஒருவர் வந்து பக்கத்தில் இருந்தால், வருவேன்.

ஷ்யாம், மூன்றாவது வரிசையில் நீங்கள் எழுந்து நிற்பது தெரிகிறது. மேடைக்கு வர வேண்டாம். குழந்தை உங்கள் தோளில் தூங்குகிறாள், எழுப்பிவிடாதீர்கள். வீட்டுக்குப் போய்ப் பேசுவோம். இன்று நான் விழித்திருப்பேன்.

மணியை அடிக்காமல் பொறுத்த ஐயாவுக்கும், என்னோடு தோற்ற என் அணிக்கும், என்னை வென்ற அணிக்கும் நன்றி. விடைபெறும் வணக்கத்தை மட்டும் உட்கார்ந்தபடி சொல்ல விரும்புகிறேன். சுப்பையா அண்ணே, அந்த நீல நாற்காலியைக் கொஞ்சம் இப்படி நகர்த்துங்கள்.