ரோனாவுக்கு ஏற்ற தோட்டா

எந்தத் தோட்டா வாங்கலாம் என்று யார் வந்து கேட்டாலும், நான் முதலில் அவர்களுடைய தோளைத்தான் பார்ப்பேன். மலை, காற்று, தூரம் எல்லாம் அதற்குப் பிறகுதான். எங்கள் ஊரான ட்வைசலில் பாதிப் பேர் என்னைக் கேட்டுத்தான் வாங்குகிறார்கள். எதிர்ச்சரிவில் அறுநூறு மீட்டரில் நிற்கும் தார் என்ற மலையாட்டை அடிக்க வேண்டும் என்று இளவட்டங்கள் வந்து நிற்பார்கள். இருப்பதிலேயே பெரிய தோட்டாவைக் காட்டி, "இது ஆளையே சாய்ச்சிருமாமே, டகல்?" என்பார்கள். "சாய்க்கும். சுடுற ஆள" என்பேன். சுட்டதும் துப்பாக்கி தோளில் உதைக்கும் உதைக்குப் பயந்து விசையை வெடுக்கென்று இழுப்பவனுக்கு எந்தத் தோட்டாவும் உதவாது.

இதையெல்லாம் சொல்வது, எனக்கு விஷயம் தெரியும் என்று நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான். தெரியாமல் செய்துவிட்டான் என்று எழுதிவிடாதீர்கள்.

என் மனைவி ரோனா மெலிந்த உடம்புக்காரி. ஆனால் எங்கள் பள்ளத்தாக்கில் அவளைப் போலச் சுட ஆள் கிடையாது. வேலிக்கம்பி தெறித்து இடது கண் சின்ன வயதிலேயே போய்விட்டது. மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணால்தான் அத்தனையும். அவளுக்கென்று ஆறரை மில்லிமீட்டர் தோட்டா, கொஞ்சம் கனமான துப்பாக்கி, குழல் முனையில் உதையைப் பாதியாகக் குறைக்கும் ஒரு தடுப்பு. இருபது வருடமாக அதே ஏற்பாடு. தோட்டாக்களை நானே கொட்டகையில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுப்பேன். அவள் ஒரு தடவைகூட அதைச் சரிபார்த்தது கிடையாது.

போன பிப்ரவரியில் அந்த வலது கண்ணில் விழித்திரை கிழிந்தது. கிறைஸ்ட்சர்ச்சில் அறுவைசிகிச்சை செய்து ஒட்டவைத்தார்கள். வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரம், நான் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

"வானாகாவுல ஒரு வேட்டை விடுதியில வழிகாட்டி வேலை குடுத்திருக்காங்க, டகல். ஆகஸ்ட்ல போறேன்."

"சனி ஞாயிறு வந்துருவல்ல?"

"இல்லப்பா. தனியா இருந்து பாக்கணும்னு தோணுது. உன்மேல ஒரு கோவமும் இல்ல."

கோபம் இருந்திருந்தால் எனக்கு ஏதாவது வழி இருந்திருக்கும். காலில் விழுந்தாவது சமாதானம் செய்திருப்பேன். கோபமே இல்லாத ஒருத்தியை என்ன செய்வது? பத்துப் பேருக்குக் காணும் அளவுக்குக் கிழங்கை உரித்துத் தள்ளியிருந்தேன்.

ஏப்ரலில் கண் மருத்துவரிடமிருந்து கடிதம் வந்தது. மறுபடி துப்பாக்கி எடுக்கலாமா என்று அவள் கேட்டிருந்ததற்குப் பதில். புதுக் கண்ணாடி இன்னும் வந்து சேரவில்லை என்பதால் என்னிடம் நீட்டினாள்.

"என்ன போட்டிருக்கு? முகத்த அப்படி வச்சுக்காத, கிழவா. படி."

சுடலாம், தடையில்லை என்பது முதல் வரி. அதை வாசித்தேன். சிறிய தோட்டா மட்டுமே, பலமாக உதைக்கும் எதையும் தோளில் வைக்கக் கூடாது, விழித்திரை மறுபடி பிரிந்தால் அன்றே வர வேண்டும் என்பது அடுத்த வரி. அதற்குள் அவள் எங்கள் நாய் டிப்பின் முன்னங்கால்களைப் பிடித்துக்கொண்டு ஆட ஆரம்பித்துவிட்டாள். அதற்கும் ஒரே குதூகலம். நான் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

அந்த வாரமே அவளுக்கு முந்நூறு மேக்னம் என்ற பெரிய தோட்டாவைத் தேர்ந்தெடுத்தேன். நான் சொன்ன காரணங்களில் ஒன்றுகூடப் பொய் கிடையாது, யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். ஆறரை மில்லிமீட்டர் தொலைதூரத்தில் சோர்ந்துவிடும். குண்டு விரியாமல் ஊடுருவிப் போனால் ஆடு பாறை இடுக்கில் போய் ஒளிந்து, நாள்கணக்கில் கிடந்து சாகும். விடுதிக்கு வருகிறவர்கள் காயப்படுத்திவிட்ட ஆட்டை நீதானே தூரத்திலிருந்து முடித்துவைக்க வேண்டும் என்றேன். அந்த வாயில்லா ஜீவன்கள் படும் பாட்டை என்னால் பார்க்க முடியாது. கூடவே, ஏற்றத்தில் சுமை குறையட்டும் என்று எடை குறைந்த புதுத் துப்பாக்கி ஒன்று வாங்கினேன். பிரிவுப் பரிசு என்றதும் அவள் கண் கலங்கிவிட்டது. குழல் முனைத் தடுப்பைப் பொருத்தவில்லை. அது சத்தத்தைப் பக்கவாட்டில் திருப்பி அடிக்கும், பக்கத்தில் நிற்கும் நாயின் காது கெட்டுப்போகும். இந்த மூன்றில் எதைச் செய்தாலும் உதை கூடும். மூன்றையும் சேர்த்துச் செய்தால் எவ்வளவு கூடும் என்று கணக்குப் போட்டும் பார்த்திருந்தேன்.

முதல் தடவை சுட்டுவிட்டுத் தோளைத் தேய்த்துக்கொண்டே எழுந்தாள்.

"அப்பாடி. கழுத மாதிரி உதைக்குது, டகல்."

"பழச வேணா எடுத்துக்க. வயசாயிருச்சுல்ல."

"யாருக்கு? உனக்கா? குடு இங்க."

மே மாதம் முழுக்கப் பழகினாள். ஜூனில், எங்கள் பக்கத்துக் குளிர்காலம் தொடங்கியதும், மலைக்குடிசைக்குப் போனோம், நாங்கள் இருவரும் டிப்பும் மட்டும். இரண்டாம் நாள் மத்தியானம், எதிர்ச்சரிவில் பிடரி மயிர் அடர்ந்த ஒரு கிடா வந்து நின்றது. ஐந்நூற்று நாற்பது மீட்டர். சுட்டாள். அது நின்ற இடத்திலேயே சரிந்தது, நல்ல சாவு. அவள் எழுந்திருக்கவில்லை.

"டகல், ஓரத்துல கறுப்பா என்னமோ இறங்குது. திரை மாதிரி."

குடிசையில் ரேடியோ இருந்தது. கூப்பிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் ஹெலிகாப்டர் வந்துவிடும், அன்று மாலையே கிறைஸ்ட்சர்ச்.

"பனி வெளிச்சத்துல கண்ணு கூசுதா இருக்கும். கண்ண மூடிப் படு" என்றேன்.

"ரேடியோவுல கூப்புடேன். பயமா இருக்கு."

"பேட்டரி செத்துப்போச்சு, ரோனா."

பேட்டரி என் கால்சட்டைப் பையில் இருந்தது. இரண்டு நாள் அங்கேயே இருந்தோம். சூப்பு வைத்து ஊட்டினேன். திரை பாதிக்கு வந்தது, பிறகு முழுவதும் மூடிவிட்டது. அந்த இரண்டு நாளும் அவள் என் சட்டைக்கையைப் பிடித்த பிடியை விடவே இல்லை. இருபத்தாறு வருடத்தில் அவள் அப்படிப் பிடித்ததே கிடையாது. எனக்கு அடக்க முடியாமல் அழுகை வந்தது.

"அழாத, டகல். இதுல உன் தப்பு என்ன இருக்கு?" என்றாள்.

மூன்றாம் நாள் பேட்டரியைப் பொருத்திக் கூப்பிட்டேன். நேரம் கடந்துவிட்டது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். இப்போது வானாகா பற்றி அவள் பேசுவதில்லை. காலையில் எந்தச் சட்டை என்பதுகூட நான் சொல்லித்தான் தெரியும். அவள் தங்கை வந்து, என்னைப் போல ஒரு மனுஷனைப் பார்த்ததே இல்லை என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

போகாதே என்று வாய்விட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். கேட்டிருந்தால் ஒருவேளை இருந்திருப்பாள். இளகிய மனசு அவளுக்கு. ஆனால் போவதும் இருப்பதும் அவளுடைய விருப்பம், அதில் நான் குறுக்கே நிற்பது நியாயமாகப் படவில்லை. கடிதத்தை மறைத்தது நான். தோட்டாவைத் தேர்ந்தெடுத்ததும், பேட்டரியைக் கழற்றியதும் நான்தான். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கூடவே இதையும் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் ஒரு தடவைகூட நான் அவளை எதற்கும் வற்புறுத்தியதில்லை.